பின் சக்கரம்

லெர்விக் கடையில் தவணைக்கு எடுத்த சைக்கிள்.
கறுப்பு. மணி மட்டும் வெள்ளி நிறம்.
மாதம் பத்து ஷில்லிங்.
மூன்று தவணை கட்டியிருந்தான் கிடியன்,
நான்காவதற்குள் கடற்படை கூப்பிட்டுவிட்டது.

போகிற அன்று விடியலில்
அதை மாட்டுக்கொட்டிலில் நிறுத்தி
இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்தான்.
படகுக்கு நேரமாகிறதென்று
அப்பா வெளியே இருமிக்கொண்டு நின்றார்.
இவன் அவசரப்படவில்லை.
வால்வு மூடியைத் திருகி, கட்டைவிரலால் அழுத்தி,
"கல்லு மாதிரி இருக்கு ரோபினா,
நான் வர்ற வரைக்கும் தொடாதே" என்றான்.
எனக்குப் பதினொரு வயது.
பெடலுக்குக் கால் எட்டாது.
தொடு என்று சொல்லியிருந்தாலும் பயனில்லை.

கப்பலில் அவனுக்குக் கொதிகலன் அறை,
நீர்மட்டத்துக்குக் கீழே.
"இந்தக் கடலிலேயே சூடான இடம்
எனக்குத்தான் கிடைத்திருக்கிறது" என்று எழுதினான்.
அடுத்த இரண்டு வரியைத்
தணிக்கைக்காரர் கத்தரித்து எடுத்திருந்தார்.
அந்தச் சதுர ஓட்டையை விளக்குக்கு நேரே பிடித்து
அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஏதாவது தெரியும் என்பதுபோல.

ரஷ்யாவுக்குப் போகும் வழியில், ஜனவரியில்.
தந்தியில் காணவில்லை என்று இருந்தது.
இறந்தான் என்று இல்லை.
"காணவில்லை என்றால்
தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே?"
அப்பா பதில் சொல்லவில்லை.
முப்பது வருடம் வடகடலில் மீன் பிடித்தவர்.
ஜனவரித் தண்ணீரில் ஒரு ஆளுக்கு
எத்தனை நிமிடம் என்று அவருக்குத் தெரியும்.
எழுந்துபோய் அடுப்பில்
இரண்டு பீட் கட்டிகளை வைத்தார்.
அடுப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர்.
மீதித் தவணை வேண்டாம்,
சைக்கிள் உங்களிடமே இருக்கட்டும் என்று எழுதினார்.
முட்டை விற்ற காசை உறையிலிட்டு
அம்மா திருப்பி அனுப்பினாள்.
நாளைக்கு அவன் வந்து
கடனை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால்?

சனிக்கிழமை தவறாமல் கொட்டிலுக்குப் போவாள்.
முன் சக்கரம், பின் சக்கரம்,
கட்டைவிரலால் ஒவ்வொன்றாக.
"அப்படியே இருக்கு" என்பாள்
மாட்டிடம், அல்லது எங்களிடம்.

மார்ச்சில் பின் சக்கரம் தளர்ந்தது.
முதலில் கவனித்தது நான்தான் என்று நினைத்தேன்.
வெள்ளி இரவு, எல்லோரும் தூங்கியபின்,
சத்தம் கேட்காமலிருக்கப் பம்பைச் சால்வையில் சுற்றி
எண்ணி ஆறு அடி.
அதற்குமேல் கை வரவில்லை.
உள்ளே இருப்பது அவன் அடைத்துவிட்டுப்போன காற்று.
அதில் என்னுடையது எவ்வளவு கலந்தது?
காலையில் அம்மா அழுத்திப் பார்த்தாள்.
அப்படியே இருந்தது.

மே மாதம் ஒரு வெள்ளியன்று
பம்போடு போனால்
சக்கரம் நான் விட்டதைவிடக் கெட்டியாக இருந்தது.
பம்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

போர் முடிந்தது. கணக்கைத் தீர்க்க
அரசாங்கம் ஒரு தாள் அனுப்பியது.
அம்மா கடைசித் தவணை ரசீதில் கையெழுத்திட்டாள்,
அந்தத் தாளில் இடவில்லை.
தெற்கே ஏதோ ஒரு துறைமுகத்துச் சுவரில்
அவன் பெயரை வெட்டியிருக்கிறார்களாம்.
நான் போனதில்லை.

பதினாறு வயதில்தான் டயரைக் கழற்றினேன்.
ட்யூபில் இரண்டு ஒட்டு இருந்தன.
நான் ஒட்டியதில்லை.
ஒன்று அப்பாவின் பழைய பூட்ஸ் ரப்பர்,
கத்தியால் அறுத்தது, கோணல்.
மற்றொன்றின் ஓரம் அவ்வளவு சீர்.
பொத்தான் துளைக்கு
அம்மா துணி கத்தரிக்கிற சீர்.

மூன்றாவதாக ஒரு துளை இருந்தது.
வாளித் தண்ணீரில் ட்யூபை முக்கிப் பிடித்து
குமிழி எங்கிருந்து வருகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்,
கை விறைத்துப்போகும்வரை.